ஒரு சொல்லுக்காக விதைத்தது

டிஸ்ட்ரெஸ்டு என்ற இங்கிலீஷ் சொல்லை நான் கையால் எழுதி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பத்திரிகையில் அது வராத வாரம் இல்லை. புயல் அடித்த ஊர், மழை பொய்த்த ஊர், காய்ச்சலில் பாதிச் சனம் போன ஊர் என்று எதைப் பற்றி எழுதினாலும் முன்னால் அந்த ஒரு சொல்லைப் போட்டுவிடுகிறார்கள். துன்பத்தில் சிக்கித் தவிக்கிற என்று தமிழில் சொல்லலாம். என் மகன் ஒருமுறை ஏதோ ஒரு மனு எழுதித் தரச் சொன்னான். அந்தச் சொல் வரவேண்டிய இடத்தில் சுற்றி வளைத்து வேறு எதையோ எழுதிக் கொடுத்தேன். "இதுக்குன்னே ஒரு வார்த்தை இருக்கே அப்பா" என்றான். எனக்குத் தெரியும் என்று எரிந்து விழுந்தேன். அவன் பாவம், ஒன்றும் புரியாமல் காகிதத்தை எடுத்துக்கொண்டு போனான்.

கொல்லிமலைக்குக் கீழே ஒரு ரெவின்யூ ஆபீசில் நான் குமாஸ்தாவாக இருந்த காலத்துக் கதை இது. இரண்டாம் உலகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. பர்மா அரிசி நின்றுபோய், கீழே இருப்பவர்களே ரேஷன் கடை வாசலில் காத்துக் கிடந்தார்கள். எனக்கு இருபத்தாறு வயது. ஆபீசிலேயே இங்கிலீஷ் ஒழுங்காக எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. ஒரு பெரிய அகராதியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குவேன்.

மலையில் இரண்டு வருஷமாகச் சாமை சரியாக விளையவில்லை. முதல் வருஷம் கதிர் பிடிக்கிற நேரத்தில் மழை ஏமாற்றியது. அடுத்த வருஷம் விதைத்ததில் பாதிதான் முளைத்தது. அதன்மேல் மலைக்காய்ச்சல் வேறு. கடைசியில் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஆபீசர் ஒருவர் நேரில் போய்ப் பார்த்து, ஊரை டிஸ்ட்ரெஸ்டு என்று எழுதினால் அந்த ஊருக்கு நிவாரண அரிசியும் மலைக்காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரையும் உண்டு. வேறு சொல் செல்லாது. புவர் என்று எழுதினால் ஒன்றும் கிடையாது, ஏழை ஊர்கள் எப்போதும் ஏழையாகத்தான் இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. பேக்வர்டு என்றாலும் கிடையாது. கூடவே ஒரு அச்சடித்த படிவம் வந்தது. ஊரில் தானியக் கையிருப்பு உண்டா என்று அதில் ஒரு கேள்வி. உண்டு என்று பதில் வந்தால் அந்தச் சொல்லை எழுதக் கூடாது.

எனக்கு அந்த ஒழுங்கு பிடித்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. இத்தனை அழகாக ஒரு சொல்லுக்கு வேலி கட்ட முடியுமா என்று வியந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்கள் யார் என்று யோசிக்கிற வயசு இல்லை.

பங்குனி மாதம் ரெவின்யூ இன்ஸ்பெக்டரோடு மலை ஏறினேன். அப்போது மேலே போக ரோடு கிடையாது. காரவள்ளிப் பக்கமிருந்து கல்லும் முள்ளுமாக ஒரு பாதை, ஏறி முடிக்க அரை நாள். இன்ஸ்பெக்டர் மூட்டுவலிக்காரர், மட்டக்குதிரை மேல் உட்கார்ந்துகொண்டு வலிக்கிறது வலிக்கிறது என்று முனகியபடியே வந்தார். ரிட்டயர் ஆக இரண்டு வருஷம்தான் இருந்தது. மேலிடத்தில் யாரும் ஒரு கேள்வி கேட்டுவிடாமல் அந்த இரண்டு வருஷத்தையும் ஓட்டிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே வேண்டுதல். மற்றபடி நல்ல மனிதர்.

மலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு. எடப்புளி நாட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்த ஊர்களில் ஒன்றுக்குத்தான் முதலில் போனோம். முப்பது வீடு இருக்கும். நாங்கள் வருகிற செய்தி முன்பே போயிருந்தது. ஊர் முழுக்கச் சாணி தெளித்து, வாசலெல்லாம் பெருக்கி, நோன்புப் பண்டிகை வந்ததுபோல வைத்திருந்தார்கள். ஆண்கள் துவைத்த வேட்டியோடு வரிசையாக நின்றார்கள். குழந்தைகளுக்கு எண்ணெய் தடவித் தலை வாரியிருந்தது. அந்த எண்ணெய்க்குக் கீழே கன்னம் ஒட்டிப்போய், வயிறு மட்டும் உப்பியிருந்ததைப் பார்க்கிறவன் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

"வாங்க சாமி, வாங்க" என்று ஊர்க்கவுண்டர் கும்பிட்டார். ஊருக்குப் பெரியவர் அவர். "மொதல்ல எங்க வெதையப் பாருங்க சாமி. அப்பறம் மத்தது பேசலாமுங்க."

எங்களை ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். ஊர் விதையைக் காக்கிற பொறுப்பு தலைமுறை தலைமுறையாக அந்த வீட்டுப் பெண்களுக்கு. அப்போது அதைக் காத்துக்கொண்டிருந்தவளுக்கு முப்பது வயதிருக்கும். புருஷன் போன மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டான். இரண்டு பிள்ளைகள். வீட்டுக்குள் கல் மேல் தூக்கி வைத்த ஒரு தொம்பை நின்றது. மூங்கிலால் பின்னி, சாணியும் மண்ணும் பூசிய தானியக் கூடை, என் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. வாயைச் செம்மண்ணால் பூசி அடைத்து, மேலே மஞ்சள் தடவியிருந்தார்கள்.

விதைக்கிற நாள் தவிர அதைத் திறக்கிற வழக்கம் இல்லை. எங்களுக்காகத் திறந்தாள். கொடுவாள் முனையால் செம்மண்ணைப் பேர்த்து, மூடியைத் தூக்கி, உள்ளே கைவிட்டு ஒரு பிடி அள்ளி இன்ஸ்பெக்டர் முன்னால் நீட்டினாள். சாமை. தூசு இல்லாமல், ஒரே அளவாக, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது.

"ரெண்டு வருசமா காட்டுக்கெழங்கு தின்னு உசுரோட இருக்கிறோமுங்க" என்றாள். "இதுல ஒரு பிடி கூட எடுக்கலீங்க. என்ற ஊட்டுக்காரர் காச்சல்ல கெடந்தப்பக்கூட எடுக்கலீங்க சாமி. சாமி பேர்ல வச்சதுங்க."

சுற்றி நின்றவர்கள் முகமெல்லாம் பெருமை. எனக்கு அப்போதுதான் விளங்கியது. கையேந்துகிறவர்களுக்கு யாரும் எதுவும் தரமாட்டார்கள், பொறுப்பானவர்களுக்குத்தான் தருவார்கள் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். சர்க்காரை ஒரு பெரிய பண்ணையக்காரர் என்று எண்ணி, நாங்கள் எவ்வளவு ஒழுங்கான குடிகள் பாருங்கள் என்று நிரூபித்துக்கொண்டிருந்தார்கள். உலகத்தில் வேறு யாரும் இந்தத் தவறைச் செய்யமாட்டார்கள். கீழே ஒரு ஊரில் நாங்கள் போனபோது நெல் மூட்டையைக் கிணற்றடியில் புதைத்துவிட்டு, பட்டினியில் மயங்கி விழுந்து காட்டினார்கள்.

இன்ஸ்பெக்டர் முகம் மலர்ந்துவிட்டது. இனி மேலிடத்தில் கேள்வி வராது. "தானியம் இருக்கு. எழுதிக்கோ தம்பி" என்றார் என்னிடம்.

"சார், அது விதை" என்றேன்.

"விதை தானியம் இல்லாம வேற என்ன? கல்லா?"

திரும்பி இறங்குகிற வழியெல்லாம் அவரோடு மல்லுக்கட்டினேன். அதை அவர்கள் தின்னமாட்டார்கள் சார் என்றேன். தின்னாதது அவங்க குத்தம், தொம்பை நிறையக் கெடக்குது, நாளைக்கி ஒருத்தன் மேல போய்ப் பார்த்துட்டு ரிப்போர்ட் அடிச்சா என் பென்ஷனை நீயா தருவே என்றார். அதில் நியாயம் இருந்தது. படிவம் கையிருப்பு உண்டா என்றுதான் கேட்டது. யாருக்காக, எதற்காக என்று கேட்கவில்லை. பரிதாபப்பட்டு அவரே வேறு சொற்களைத் தேடித் தந்தார். வெரி புவர் என்று போடேன். ஹெல்ப்லெஸ் என்று போடேன். ஆனால் அந்தச் சொற்களுக்கு அரிசி கிடையாது. கடைசியில், சந்தேகத்துக்கு இடமாக இருக்கிறது, சப் கலெக்டர் துரை நேரில் வந்து பார்த்துத் தீர்மானிக்கலாம் என்று ஒரு வரி எழுதச் சம்மதித்தார். அந்த வரியை வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

சித்திரை மத்தியில் துரை மலைக்கு வருகிறார் என்று உத்தரவு வந்தது. அதைத் தெரிவிக்க என்னை அனுப்பினார்கள். கூட ஒரு பியூன். இந்த முறை எனக்கு மூச்சே வாங்கவில்லை, அத்தனை உற்சாகம். ஒரு ஊரை நான் காப்பாற்றப் போகிறேன் என்ற நினைப்பு.

கவுண்டரையும் அந்தப் பெண்ணையும் ஒரு பலாமரத்தடியில் வைத்துப் பேசினேன். அந்த வருஷம் பலாவும் பொய்த்திருந்தது, பிஞ்சிலேயே கருகி உதிர்ந்து தரையெல்லாம் கிடந்தது. அவளுடைய சின்னப் பெண், மூன்று வயதிருக்கும், அம்மாவின் மடியில் சுருண்டு படுத்திருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர்காய்ச்சல் வருகிறது என்றாள். ஈக்களை ஓட்டக் கூட அந்தக் குழந்தை கையைத் தூக்கவில்லை.

"துரை வரும்போது தொம்பை காலியாக இருக்க வேண்டும்" என்றேன். "இருந்தால் அரிசி இல்லை. மருந்தும் இல்லை."

கவுண்டருக்கு அது புரிய வெகுநேரம் ஆயிற்று. "வெச்சிருக்கறவனுக்குக் கெடையாதுங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். "வெச்சுக் காப்பாத்துனவனுக்கு?"

ஆமாம் என்றேன். அந்த இங்கிலீஷ் சொல்லைச் சொல்லி, அதன் அர்த்தத்தையும் சொன்னேன். அவர் அதை இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

பக்கத்து ஊரிலோ காட்டிலோ ஒரு வாரம் ஒளித்து வையுங்கள் என்றேன். அந்தப் பெண் தலையை ஆட்டினாள்.

"சாமி பேர்ல வச்சத ஒளிக்கக் கூடாதுங்க. திருட்டுப் பொருளாப் போயிருமுங்க. அப்பறம் அத எந்தக் கையால வெதைக்கறது?"

"அப்படியானால் தின்றுவிடுங்கள்" என்றேன், பொறுமை இழந்து. நான் சொன்னது காதில் விழாததுபோல இருவரும் வேறு பக்கம் பார்த்தார்கள். கெட்ட வார்த்தை பேசிவிட்டவன் போலக் கூசினேன்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அது வந்த நிமிஷத்தை இப்போதும் வெறுக்கிறேன். அப்போது மகா புத்திசாலித்தனமாகத் தோன்றியது.

"விதைத்துவிடுங்களேன்" என்றேன். "ஒளிக்கவும் வேண்டாம், தின்னவும் வேண்டாம். விதைக்கத்தானே வைத்திருக்கிறீர்கள்? இன்னும் ஒரு மாதத்தில் விதைக்கப் போவதை இப்போதே விதையுங்கள். தொம்பை தானாகக் காலியாகிவிடும்."

"மழ இன்னும் வரலீங்களே சாமி."

"வந்துவிடும் அம்மா."

சொன்னேன். எந்த அதிகாரத்தில் சொன்னேன்? சாமை எந்த மாதம் விதைப்பார்கள் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். ஒரு உழவனோடு அரை மணி நேரம் பேசியதில்லை. சட்டை போட்டிருந்தேன், இங்கிலீஷ் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

மழைக்கு முன்னால் காய்ந்த மண்ணில் விதைப்பது அவர்களுக்குத் தெரியாத வேலை இல்லை. மேகம் கூடிவிட்டது, நாளை மறுநாள் பெய்துவிடும் என்று தோன்றுகிற சமயத்தில் கொஞ்சம் விதைப்பார்கள். முழு விதையையும் அப்படிப் போடுவதில்லை. மழை வராவிட்டால் எறும்பும் குருவியும் கொண்டுபோகும். அதைவிட மோசம், ஒரே ஒரு மழை பெய்து முளைவிட்டுப் பிறகு வெயில் காய்ந்தால் ஒன்றுமே மிஞ்சாது. விதை போய்விட்டால் ஊருக்கு அந்த வருஷம் மட்டுமில்லை, அடுத்த வருஷமும் இல்லை. இதையெல்லாம் கவுண்டர் எனக்குப் பொறுமையாகச் சொன்னார். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். கேட்ட பிறகும், "குழந்தையைப் பாருங்கள்" என்றேன்.

ஊர் கூடிப் பேசினார்கள். நான் தள்ளி உட்கார்ந்திருந்தேன். ஒன்றிரண்டு பேர் குரல் உயர்ந்தது, பிறகு அடங்கியது. பெண்கள் பேசினார்கள். முடிவில் கவுண்டர் என்னிடம் வந்து, "நீங்க சொன்னாப்பல செஞ்சுடறமுங்க" என்றார். அந்தப் பெண் மட்டும் அங்கேயே உட்கார்ந்து மடியில் கிடந்த குழந்தையின் கால்களைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். "படிச்சவங்க சொல்றீங்க" என்றாள் என்னைப் பார்த்து. குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படி நினைத்தாள்.

துரை வந்தார். வெயிலில் சிவந்துபோன மனிதர், நிறைய வேர்த்தது, தமிழ் கொஞ்சம் பேசுவார். ஒவ்வொரு வீடாகக் குனிந்து நுழைந்தார். அந்த வீட்டில் தொம்பையின் மூடியைத் தானே தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். கைத்தடியை விட்டு அடிவரை துழாவினார். மூங்கிலில் தடி இடிக்கிற சத்தம்தான் கேட்டது. வெளியே வந்து சுற்றிலும் உழுது கிடந்த காய்ந்த காட்டைப் பார்த்தார். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. பிறகு வாய்விட்டே அந்தச் சொல்லைச் சொன்னார், மிகவும் டிஸ்ட்ரெஸ்டு என்று முன்னால் ஒரு மிகவும் சேர்த்து. நான் பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டேன். என் கையெழுத்து அன்று அச்சுப்போல இருந்தது. இன்ஸ்பெக்டர் என் முதுகில் தட்டினார்.

ஐந்தாம் நாள் தலைச்சுமையாக அரிசி மேலே போனது. குருணைதான், கொஞ்சம் மக்கிப்போன வாடை வேறு. ஆனால் அரிசி. கொயினாவும் போனது. கூடவே நானும் போனேன், போகாமல் இருப்பேனா? வீட்டுக்கு வீடு புகை எழுந்தது. பிள்ளைகள் கஞ்சியைக் குடித்துவிட்டுச் சட்டியை நக்கின. அந்தச் சின்னப் பெண்ணுக்கு மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்தார்கள். கசப்பு தாங்காமல் அது என்னைப் பார்த்து ஒரு கத்துக் கத்தியதே, அந்தச் சத்தம் போல எனக்கு இனிமையான சத்தம் வேறு இல்லை. அவ்வளவு தெம்பு வந்துவிட்டதே என்று அதன் அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அன்று சாயங்காலமே மழையும் பிடித்துக்கொண்டது. ஒரு மணி நேரம் நல்ல மழை. மண்வாசனை வீட்டுக்குள் வந்தது. "பாத்தீங்களா, சொன்னாப்பல வந்துருச்சு" என்று கவுண்டர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நான் அன்று மலையிலிருந்து இறங்கியது நடந்தா பறந்தா என்று தெரியாது.

அதற்குப் பிறகு மழை இல்லை.

நான் கீழே ஆபீசில் இருந்தேன். நாலு நாள் மேகம் இல்லை என்றபோது ஒன்றும் தோன்றவில்லை. பத்து நாள் ஆனபோது ஆபீஸ் ஜன்னலிலிருந்து மலையைப் பார்க்க ஆரம்பித்தேன். உச்சியில் ஒரு வெள்ளைத் துணி அளவு மேகம் தெரிந்தாலும் எழுந்து போய்ப் பார்ப்பேன். "என்ன தம்பி, மழைக்கணக்கும் உங்கிட்டேயா?" என்று இன்ஸ்பெக்டர் கேலி செய்தார். இருபது நாள் வெயில் அடித்தது. அந்த வருஷம் வெயில் மலைமேலும் ஈவிரக்கம் பார்க்கவில்லை.

மேலே போய்வந்த பியூன்தான் சொன்னான். முளை வந்து விரலளவு பச்சையாக எழுந்து நின்றதாம். ஊரே போய்ப் பார்த்துக்கொண்டு நின்றதாம். பிறகு ஒரு வாரத்தில் எல்லாம் மஞ்சளாகி, தொட்டால் பொடிகிற மாதிரி ஆகிவிட்டதாம். பெண்கள் குடத்தில் சுனைத் தண்ணீர் மொண்டுவந்து ஊற்றினார்களாம். காட்டுக்குக் குடத்துத் தண்ணீர் எந்த மூலைக்கு?

"அந்த ஊருக்கு இப்ப மலையில வேற பேருங்க" என்றான் பியூன். "டிஸ்டரஸ்காரங்கன்னு சொல்றாங்க. அக்கம்பக்கத்து ஊர்ல எல்லாம் அந்தப் பேருதான்."

அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். அவனைக் கண்டபடி திட்டிவிட்டேன். பிறகு போய் மன்னிப்பும் கேட்டேன்.

இரண்டாம் தவணை அரிசிக்கு மறுபடி ரிப்போர்ட் எழுத வேண்டியிருந்தது. அதே படிவம், அதே கேள்வி. தானியக் கையிருப்பு உண்டா? இல்லை என்று எழுதினேன். முன்னால் எழுதியபோது தொம்பையில் இருந்ததைக் காட்டில் போட்டு மறைத்துத்தான் அந்தச் சொல்லை வாங்கினோம். இப்போது மறைக்க ஒன்றும் இல்லை. சுற்றறிக்கை சொன்ன லட்சணங்கள் எல்லாம் அப்படியே பொருந்திவிட்டன. பேனாவை வைத்துவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்று அழுதேன். யாரும் பார்க்கவில்லை.

ஆனி பிறந்ததும் மலைமேல் மழை பிடித்தது. தினமும் பெய்தது. விதைக்க அதைவிட நல்ல ஈரம் இருக்க முடியாது, ஆனால் விதைக்க ஒன்றும் இல்லை. நிவாரணக் குருணை முளைக்காது. நான் சந்தையில் அலைந்து ஒரு மூட்டைச் சாமை வாங்கினேன். அதை மட்டக்குதிரை மேல் ஏற்றிக்கொண்டு, லீவு சொல்லிவிட்டு, தனியாகவே மலை ஏறினேன். என்ன சொல்லிக் கொடுப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். ஒரு வாக்கியமும் தேறவில்லை.

ஊரில் கவுண்டர் மூட்டையைப் பிரித்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். முகம் சுளிக்கவில்லை. "நல்லா இருக்குதுங்க சாமி. கஞ்சிக்கு ஆகும்" என்றார். "கீழ்நாட்டுச் சாமை இந்தக் குளிருக்குக் கதிர் புடிக்காதுங்க." பிறகு, "அந்தப் புள்ள வெதை கேக்க பைல் நாட்டுக்குப் போயிருக்குதுங்க. இன்னிக்கி வந்துரும்" என்றார்.

அது எப்படிப்பட்ட போக்கு என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஒரு ஊரில் விதை அற்றுப்போனால், அதைக் காத்தவளே போய், விதை வைத்திருக்கிற வேறு ஊரில் முந்தானையை விரித்து நிற்க வேண்டும். எப்படிப் போயிற்று என்று அந்த ஊரார் கேட்பார்கள். அவள் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். மற்ற ஊர்க்காரர்கள் அவள் அம்மா முன்னால் வந்து நின்று வாங்கிப் போனது உண்டாம். அந்த வீட்டிலிருந்து ஒருத்தி கேட்கப் போனது இதுதான் முதல் தடவை என்றார் கவுண்டர். தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. பைல் நாட்டுப் பாதையில் எதிர்கொண்டு நடந்தேன். தூறிக்கொண்டிருந்தது. ஒரு சரிவின் அடியில் அவள் வருவது தெரிந்தது. தலையில் துணி மூட்டை, சின்னதுதான், அவர்கள் வீட்டுத் தொம்பையில் அடித்தட்டுக்குக் கூடக் காணாது. நனையாமல் இருக்க அதன்மேல் பாக்குமட்டையைக் கவிழ்த்துக் கட்டியிருந்தாள். அவள் முழுக்க நனைந்திருந்தாள். ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்தாள், பாதத்தில் ஏதோ கிழித்திருந்தது.

என்னைக் கண்டதும் நின்றாள். "எப்ப வந்தீங்க சாமி?" என்று கேட்டாள். சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, இப்போது ஓடி விளையாடுகிறாள் என்று அவளாகவே சொன்னாள். எனக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தாள் போல.

"கொடும்மா, மேடு ஏறுகிறவரை நான் தூக்கி வருகிறேன்" என்று இரண்டு கையையும் நீட்டினேன்.

அவள் ஓர் அடி பின்னால் போனாள். ஒரு கை தானாக எழுந்து மூட்டையைப் பிடித்துக்கொண்டது. முகத்தில் கோபம் இல்லை. என் மனசு நோகக் கூடாதே என்கிற கவலை மட்டும் இருந்தது.

"வேண்டாமுங்க சாமி" என்றாள். "நீங்க தொட வேண்டாமுங்க."

நான் பாதையை விட்டு இறங்கிப் புல்லில் நின்றேன். அவள் என்னைக் கடந்து மேலே ஏறிப் போனாள்.